மெத்தைக்கு வலிக்காது

ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் ஏட்டய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் போலீஸ்காரர் இல்லை, குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறவர். ஆனால் அவர் மேசையில் நீல அட்டை போட்ட தடித்த ஏடு ஒன்று எப்போதும் இருக்கும். தொடரில் யார் எப்படிப் பேசுவார்கள், எதற்குக் கோபப்படுவார்கள், எதை உயிரே போனாலும் செய்யமாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. புதிதாக வந்த எழுத்தாளர் யாராவது ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் தடம் மாறி நடக்க விட்டால், அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஏட்டின் பக்க எண்ணையும் போட்டுத் திருப்பி அனுப்புவார். "பிடிச்சு உள்ள போட்டுட்டாருடா" என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். ஏடு வைத்திருப்பதாலும் ஏட்டய்யா, இப்படிப் பிடித்து உள்ளே போடுவதாலும் ஏட்டய்யா. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே முறைத்துக்கொள்வார்.

தொடரின் பெயர் 'தையல்பெட்டி'. பத்தொன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தையல்பெட்டிக்குள் குடியிருக்கும் ஆறு பேரின் கதை, அவ்வளவுதான். பொத்தான் கதாநாயகன், உருண்டு ஓடி எங்காவது தொலைந்துபோவதே அவன் வேலை. ஊசி வாய்த்துடுக்குக்காரி, யாரையாவது குத்திப் பேசாமல் அவளுக்குப் பொழுது போகாது. கத்தரி அவசரக்குடுக்கை. நூல்கண்டு எதையும் நேராகச் சொல்லாமல் சிக்கலாக்கிவிடுவான். டேப்பு வயதில் பெரியவர், வாயைத் திறந்தால் அளந்துகொண்டே இருப்பார். ஆறாவது ஆள் மெத்தை. குண்டூசி குத்தி வைக்கத் தையல்காரர்கள் வைத்திருப்பார்களே, பஞ்சு அடைத்த உள்ளங்கையளவு உருண்டை, அதுதான். மற்ற ஐந்து பேரும் கோபம் வந்தாலும் குழப்பம் வந்தாலும் நேராக மெத்தையிடம் வந்து ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுப் போவார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு வலிக்கலையே!" என்பாள்.

தொடரைத் தூக்கி நிறுத்தியது இந்த ஒரு வசனம்தான். தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொன்னார்கள். பல் மருத்துவர்கள் சுவரில் ஒட்டி வைத்தார்கள். வயிற்றை அமுக்கினால் இதையே சொல்லும் பொம்மைகூட வந்துவிட்டது.

ஏட்டின் முதல் பக்கத்தில் பதினோரு விதிகள் இருந்தன. அத்தனையும் ஏட்டய்யா தன் கைப்பட எழுதியவை. முதல் விதி, கதை முடியும்போது எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட வேண்டும். அதற்கு நியாயம் இருந்தது. டிவிக்காரர்கள் எந்தக் கதையை எந்த நாள் போடுவார்கள் என்று சொல்லமுடியாது. முந்நூறாவது கதைக்கு மறுநாள் நாற்பதாவது வரும். ஆகவே நேற்று நடந்தது எதுவும் இன்று யாருக்கும் ஞாபகம் இருக்கக்கூடாது. பொத்தான் இன்றைக்கு இருட்டுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டான் என்றால், நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து பயந்தாக வேண்டும். இரண்டாவது விதி, ஆளுக்கு ஒரு வேலை. தொலைகிறவன் தொலைய வேண்டும், திட்டுகிறவள் திட்ட வேண்டும், தாங்குகிறவள் தாங்க வேண்டும். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைத்தால் பார்க்கிற குழந்தை குழம்பிப்போகும். ஏழாவது விதி ஒரே வரி. 'மெத்தை எக்காரணம் கொண்டும் வலிக்கிறது என்று சொல்லக்கூடாது.'

தொழிலுக்கு இதெல்லாம் சரிதான். ஏட்டை ஸ்டூடியோவிலேயே வைத்துவிட்டு வராமல் வீட்டுக்கும் கொண்டுவந்தாரே, அதுதான் அவர் செய்த தப்பு.

வீட்டில் மூன்று பெண்கள். மனைவி, மகள், தங்கை. தங்கை கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஏன் என்று யாராவது கேட்டால், "ரெண்டு மூணு பேரை அளவெடுத்துப் பார்த்தேன், எதுவும் சரியா உக்காரல" என்பாள். ரெடிமேட் துணிக்கடை ஒன்றின் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், வாடிக்கையாளர் வாங்கும் பேன்ட்டுக்குக் காலை மடித்து அடிப்பதும், இடுப்பைப் பிடிப்பதும், அடுத்த வருடம் அதே இடுப்பை விட்டுக் கொடுப்பதும் அவள் வேலை. "இந்த ஊர்ல பாதிப் பேரோட இடுப்பு ரகசியம் என் கையில இருக்கு. வாயைத் திறந்தேன்னா மானம் போயிடும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தொடரே அவள் போட்ட பிச்சைதான். மகள் மூன்று வயதில் சாப்பிட அடம்பிடிப்பாள். அத்தைக்காரி தன் தையல்பெட்டியைத் திறந்து தரையில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கொடுத்துக் கதை ஓட்டுவாள். பொத்தான் கட்டிலடியில் தொலைந்துபோய்த் திரும்பி வருவதற்குள் தட்டு காலியாகிவிடும். அப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் சீப்புக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்த அண்ணன், பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று மேசையோடு கார்ட்டூன் கம்பெனி ஆரம்பித்திருந்த ஒரு அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டதை அப்படியே எழுதினார் என்று சொல்லமுடியாது. தங்கை பேன்ட்டைப் பிடிப்பதுபோல அவரும் அங்கங்கே கொஞ்சம் பிடித்தார், கொஞ்சம் விட்டார். எதை மாற்றினோம் என்பது நாளடைவில் அவருக்கே மறந்துபோனது.

தொடர் ஓட ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெயர் மாறியது. மனைவி ஊசி. மகள் பொத்தான். தங்கை மெத்தை. அதற்கு முன்பு அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் பிறந்த அன்றைக்கு, ஏழு வயதில், எட்டிப் பார்த்து வைத்த பெயர். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான். அந்தப் பெயர் எப்போது நின்றது என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

"எல்லாருக்கும் பேர் வெச்சீங்களே, உங்களுக்கு என்ன பேரு?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"நான் எழுதுறவன். எனக்கு எதுக்குப் பேரு?"

"அப்ப நீங்கதான் பெட்டி மூடி. எங்க எல்லாரையும் உள்ள தள்ளி மூடிட்டீங்க."

ஊசிக்குப் பொருத்தமான வசனம் என்று அதையும் குறித்துக்கொண்டார் மனுஷன்.

மெத்தை என்ற பெயர் தங்கைக்கு நன்றாகப் பொருந்திவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பொருந்தியதா, பொருத்தினார்களா என்று யாரும் கேட்கவில்லை. மனைவிக்கு அடுப்படியில் எரிச்சல் வந்தால் மெத்தையிடம் வெடிப்பாள். மகள் பரீட்சையில் கோட்டைவிட்டால் மெத்தையின் அறைக்கதவை உதைப்பாள். ஏட்டய்யாவின் கதை டிவி கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டால், "நீ சத்தமா மெஷின் ஓட்டினா நான் எப்படி எழுதுறது?" என்று அவள்மேல் எரிந்து விழுவார். பிறகு மூவரும் சமாதானமாகி வந்தால், "மெத்தைக்கு வலிக்காதுப்பா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கடையிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐந்து பேர் செய்யவேண்டிய வேலை ஒருத்தி மேசையில் குவிந்தது. அதற்கும் அதே சிரிப்பு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏட்டய்யா சாப்பாட்டு மேசையில் தாளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். தங்கை வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் வலிக்குது."

தாளிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "மெத்தை அப்படியெல்லாம் பேசக்கூடாது. அது உன் வசனம் இல்லையே."

பிறகு அவள் சிரித்தாள். "ஆமால்ல. எத்தனாவது விதி?"

"ஏழு."

"ஏழு" என்று தலையாட்டிவிட்டு, மேசையில் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு அந்த வேடிக்கை பிடித்திருந்தது. சொல்லவே வாய் கூசுகிறது, மறுநாள் ஸ்டூடியோவில் அதைச் சொல்லிக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏட்டய்யா வீட்டையும் விடலடா" என்றார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னது அது. அதையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்.

அவள் அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கடையில் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டார். "வலின்னு சொல்ல முடியாது டாக்டர், ஒரு மாதிரி இருக்கும்" என்றாள். டாக்டர் ஏட்டய்யாவை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "ஈரல் முழுக்கப் பரவியிருக்கு. இதோட இவங்க எப்படி எழுந்து நடமாடினாங்கன்னே எனக்குப் புரியல. அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா எதாவது பண்ணியிருக்கலாம். ஒரு தடவைகூட வலிக்குதுன்னு சொல்லலையா?"

"இல்ல டாக்டர்" என்றார் ஏட்டய்யா. சொன்ன பொய்யிலேயே பெரிய பொய் அதுதான்.

ஒன்பது வாரம் படுத்திருந்தாள். யாரென்று தெரிந்துகொண்ட நர்ஸ் ஒருத்தி ஊசி போடும்போதெல்லாம், "நம்ம மெத்தைக்குத்தான் வலிக்காதே" என்பாள், அன்பாகத்தான். தங்கை அதற்கும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள். அண்ணனிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராவது அந்தப் பேச்சை எடுத்தாரா? தினமும் எடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய், அடுத்த வாரக் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு மத்தியானம் மருந்து வாங்கக் கீழே போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கடைக்காரர்கள் அவள் மேசையில் இருந்த பொருள்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். மூக்குக் கண்ணாடி, கத்தரி, ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் அங்குஸ்தான், ஒரு சாப்பாட்டு டப்பா. அடியில் அந்தப் பேசும் மெத்தைப் பொம்மை. மனைவி பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைக்கும்போது ஏதோ அமுங்கி, "எனக்கு வலிக்கலையே!" என்றது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏட்டய்யா ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்து, பொம்மையின் முதுகைத் திறந்து பாட்டரியைக் கழற்றினார். கழற்றியதை எங்கே போடுவது என்று தெரியாமல் ரெண்டு பாட்டரியையும் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

வேறு ஊரில் வேலையில் இருந்த மகள் காரியங்களுக்கு வந்து, ஒரு வாரம் தங்கியிருந்தாள். கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை விளையாடுறப்ப மெத்தை இப்படிச் சொல்லாதுப்பா."

"பின்ன?"

"கத்தும். 'ஐயோ, மெதுவாடி!'ன்னு வீடே அதிர்ற மாதிரி கத்தும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். உடனே எல்லாரும் ஓடிவந்து எங்க வலிக்குது, எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க. நான்தான் ஊதி விடணும். ஊதி விட்டாத்தான் அடுத்த வாய் வாங்குவேன். ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

அவருக்கு ஞாபகம் வந்தது. முதல் கதையைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது மெத்தை கத்தியதும் இரண்டு மூன்று குழந்தைகள் அழுதுவிட்டன. டிவி கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே நாளில் அதை மாற்றி, 'எனக்கு வலிக்கலையே' என்று எழுதிக் கொடுத்தார். ஊதி விடுகிற இடத்தையும் வெட்டிவிட்டார். வலிக்காதவளுக்கு எதற்கு ஊத வேண்டும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னபோது அவள் முகம் லேசாகச் சுண்டியது. "வலிக்கலைன்னா அப்புறம் அவகிட்ட என்ன கதை இருக்கு?" என்று கேட்டாள். பிறகு, "சரி, உனக்குத் தெரியும்" என்றாள். நிஜத்தில் கத்துகிறவள்தான் அவள். கல்லூரி நாட்களில் பஸ்ஸில் காலை மிதித்தவனைத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு போனவள். அவரே பார்த்திருக்கிறார்.

அடுத்த வாரக் கதைக் கூட்டத்தில், ஏட்டய்யா வாயைத் திறந்ததும் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"மெத்தை ஒரு தடவை வலிக்குதுன்னு சொல்லணும். ஒரே ஒரு கதையில."

இயக்குநர் சின்னப் பையனாக இருந்தபோது இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர். ஏட்டை மனப்பாடமாக வைத்திருந்தார். "சார், ஏழாவது விதி. நீங்க எழுதினது" என்றார்.

"எழுதினவன்தான் சொல்றேன்."

"சார், நான் எட்டு வயசுல கையை உடைச்சுக்கிட்டேன். கட்டுப் போடுறப்ப அழாம இருந்தது மெத்தையாலதான். இன்னைக்கும் எத்தனையோ பிள்ளைங்க அதைச் சொல்லிக்கிட்டுத்தான் ஊசி போட்டுக்குது. அவளே வலிக்குதுன்னு சொன்னா அதுங்க யாரை நம்பும்?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாம்னு நம்பட்டுமே."

"பாத்திரம் மாறிடும் சார். 'ஒருத்தியை ஒரு தடவை மாத்தினா அஞ்சு பேரையும் மாத்தணும்'னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

ஏட்டய்யா தன் வாயால் சொன்னதெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து நின்றது. பத்தொன்பது வருடமாகத் தானே பூட்டிய பூட்டு. சாவி எங்கே என்று தனக்கே தெரியவில்லை.

மூன்று மேசையோடு ஆரம்பித்த அந்த அம்மாள்தான் இன்னும் தயாரிப்பாளர். அவர் மெதுவாகக் கேட்டார்: "உங்க தங்கச்சிக்காகவா?"

"இல்லம்மா" என்றார் வழக்கம்போல. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றார். "அவ என்கிட்ட சொன்னா. வலிக்குதுன்னு சொன்னா. நான் அதை உங்ககிட்ட ஜோக்கா சொன்னேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க."

சிரித்தவர்களில் நாலு பேர் அங்கேயே இருந்தார்கள். அவர்களை நொந்து என்ன பயன்? அவர் சிரிக்கச் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுங்க. ஆனா முதல் விதியில நான் கைவைக்க முடியாது. கதை முடியறப்ப அவ 'இப்ப வலிக்கலையே'ன்னு சொல்லிச் சிரிச்சாகணும். மறுநாள் மறுபடி பழைய மெத்தைதான். சம்மதமா?"

சம்மதம் என்றார். வேறு என்ன சொல்வது? கதை முடியும்போது எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட வேண்டும் என்று எழுதியவர் அவர்தானே. தங்கை அப்படி வரமாட்டாள் என்ற ஒன்றைத் தவிர, அந்த விதியில் ஒரு குறையும் இல்லை.

எட்டு நிமிடக் கதையை எழுத ஐந்து வாரம் ஆயிற்று. எப்போதும் இரண்டே நாளில் எழுதித் தள்ளுகிறவர். கதை எளிதானது. வேலை மும்முரமான ஒரு நாள், ஐந்து பேரும் ஓடி ஓடி மெத்தைமேல் குண்டூசியைக் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஒன்று துருப்பிடித்தது. அவள் ஒருமுறை சிரிக்காமல் நின்றுவிடுகிறாள். வலிக்குது என்கிறாள். மற்ற நால்வருக்கும் அது காதில் விழவில்லை. பொத்தானுக்கு மட்டும் விழுகிறது. எங்கே என்று கேட்கிறான். எல்லோரும் சேர்ந்து துருப்பிடித்த குண்டூசியைத் தேடி எடுக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் 'பொத்தான் கேட்கிறான்' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். மனைவி ஒருநாள் அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தாள். ஊசியின் வசனம் எதுவும் அவளிடமிருந்து வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அவகிட்ட நானும் ஒருநாள் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தொடரில் முதலில் குரலைப் பதிவு செய்துவிடுவார்கள். பிறகுதான் அதற்கு ஏற்ப உதட்டையும் முகத்தையும் வரைவார்கள். மெத்தைக்கு ஆரம்பத்திலிருந்து குரல் கொடுத்தவர், பேரன் பேத்தி எடுத்துவிட்ட, கன்னம் உப்பிய ஒரு பெண்மணி. அவரை மெத்தையம்மா என்பார்கள். பதிவு அறையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் நாலு நிமிடத்தை ஒரே மூச்சில் முடித்தார். அந்த வரி வந்தது.

முதல் தடவை சொன்னபோது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது தடவை ஒரேயடியாக அழுதுவிட்டார். மூன்றாவது தடவை, வாய் பழகிய தடத்தில் போய், "எனக்கு வலிக்கலையே" என்றே வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையைச் சொறிந்தார்.

மெத்தையம்மா ஹெட்போனைக் கழற்றினார். "பத்தொன்பது வருஷமா வலிக்கலைன்னே சொல்லிட்டேன். இவ வலிக்குதுன்னா எப்படிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியலையே. ஏட்டய்யா, நீங்க ஒரு தடவை உள்ள வந்து சொல்லிக் காட்டுங்க."

அவர் உள்ளே போனார். சுவர் முழுக்க ஸ்பான்ஜ் ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் அறுந்துபோனது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. காதிலேயே இருந்தது. அழுகை இல்லாமல், குறை சொல்கிற தொனி இல்லாமல், தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கத்தோடு, 'கொஞ்சம்' என்பதைக் கூடுதலாக இழுத்து, 'வலிக்குது' என்பதை விழுங்கி.

"கொஞ்சம்... வலிக்குது" என்றார். கை தானாக வலது விலாவுக்குக் கீழே போயிருந்தது.

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. அன்றைக்கு அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். ஒரு இழுப்புகூடத் தப்பாமல் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்காமல் இருந்திருக்கிறார்.

மெத்தையம்மா, "புரிஞ்சுது" என்று ஹெட்போனை மாட்டினார். "ஆனா யாராவது எதிர்ல கேட்டாத்தான் எனக்கு அடுத்தது வரும். பொத்தான் தம்பி நாளைக்குத்தானே வருவார்? அவர் வரியை நீங்களே படிச்சிடுங்க."

அவர் கையில் தாளைக் கொடுத்தார்கள். அவருடைய கையெழுத்துதான். பொத்தான்: 'எங்க வலிக்குது?' இரண்டே வார்த்தை.

சிவப்பு விளக்கு எரிந்தது. மெத்தையம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம்... வலிக்குது."

அதே குரல் இல்லை. அதே தயக்கம். ஏட்டய்யாவுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க வலிக்குது பாப்பா?"

ஸ்பீக்கரில் இயக்குநரின் குரல் வந்தது. "சார், தாள்ல 'பாப்பா' இல்லையே... பரவாயில்ல, உங்க குரல் பதிவாகாது. அம்மா, நிறுத்தாம மேல போங்க."

மெத்தையம்மா தாளைப் பார்க்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, எழுதியிருந்த அடுத்த வரியைச் சொன்னார்.

"இங்கதான். ரொம்ப நாளா."